பையில் இருந்த முள்ளங்கி விதை

ஆயிரத்து நூறு நாள் சாகாமல் இருந்த ஒருத்தி அந்த ஊரில் இருந்தாள். ஊர் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஊர். அங்கே செத்தவர்கள் ஜாம்பிகளாக எழுந்து நடப்பார்கள், உயிரோடு இருப்பவர்களைக் கடிப்பார்கள். கடிபட்டவர் ஒரே நாளில் செத்து, கையிலும் பையிலும் இருந்ததோடு அப்படியே எழுந்து, அவரும் அலைய ஆரம்பிப்பார். பதினைந்து பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது. ஆட்டத்தின் ஒரு நாள் நமக்கு நான்கு மணி நேரம். மற்றவர்கள் அதில் அறுபது நாள் தாக்குப்பிடித்தாலே மீசையை முறுக்கிக்கொள்வார்கள்.

அவளுக்கு ஆட்டத்தில் பெயர் மண்வெட்டி. வெளியே முப்பிடாதி. கோவில்பட்டியில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் பெண், வயது இருபத்தேழு. துப்பாக்கியைத் தொட மாட்டாள். தோட்டம் போட்டே பிழைத்தவள்.

சவரிமுத்து அவளிடம் சீடராகப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. திண்டுக்கல் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிற மனிதர். விளையாட்டுப் பைத்தியமெல்லாம் கிடையாது. அவர் மனைவி ரெஜினா மஸ்கட்டில் நர்ஸ். போனில் பேசினால் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று நாலு நிமிஷத்தில் பேச்சு வற்றிவிடும். அப்புறம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஆட்டத்துக்குள் வந்த பிறகுதான் கதை மாறியது. வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு, அவருக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். மூன்றிலிருந்து ஆறு வரை இரண்டு பேரும் அந்தச் செத்த ஊரில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். ஓர் ஓட்டு வீட்டைப் பிடித்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் பேசாததையெல்லாம் பேசினார்கள்.

ஆனால் நாம் ஆட்டத்தை விட்டு வெளியே போனாலும் அந்த ஊரில் நம் ஆள் காணாமல் போவதில்லை. வீட்டுக்குள் படுத்துத் தூங்கும், வயிற்றுக்கு மட்டும் கேட்கும். உணவு தீர்ந்தால் செத்துப்போகும். செத்தவர் ஐந்து மாதத்துக்கு உள்ளே வர முடியாது. நம் கணக்கில் இன்னும் மூன்று வாரத்தில் குளிர்காலம் வேறு தொடங்கப் போகிறது. குளிர் வந்துவிட்டால் புதிதாக எதுவும் முளைக்காது. ரெஜினாவின் ஆளோ, அவருடைய ஆளோ செத்தால் வெள்ளிக்கிழமை போச்சு. அதனால்தான் சவரிமுத்து மண்வெட்டியைத் தேடிப் போனார்.

இன்னொரு விதியும் உண்டு. மைக்கில் பேசுவது ஜாம்பிகளுக்கும் கேட்கும். அதனால் எல்லோரும் கிசுகிசுப்பார்கள். பட்டப்பகலில் கூடத்தில் தனியாக உட்கார்ந்து ரகசியம் பேசுகிற சவரிமுத்துவை எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

முதல் நாள் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"வாத்தியாரம்மா, விதை எங்க கிடைக்கும்?"

"எங்கெல்லாம் தேடினீங்க, அண்ணாச்சி?"

"போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, சூப்பர் மார்க்கெட். ஒரு இடம் விடலை."

"அங்கெல்லாம் பயந்தவங்க போவாங்க. என்கூட வாங்க."

பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனாள். நிழற்குடைக்கு அடியில் சேலை கட்டிய ஜாம்பி ஒன்று தள்ளாடிக்கொண்டிருந்தது. தோளில் துணிப்பை. கையிலிருந்த மண்வெட்டியால் ஒரே அடி.

"யாரு இது?" என்றார் சவரிமுத்து.

"நம்மள மாதிரி ஆடினவங்கதான். நான் வாரதுக்கு முன்னாடி இருந்தவங்க. பையைப் பாருங்க."

பையில் ஒரு சீப்பு, ஒரு சாவிக்கொத்து, ஒரு பொட்டலம். பொட்டலத்தில் முள்ளங்கி விதை.

சவரிமுத்துவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "செத்தவகிட்ட விதை எப்படி வந்துச்சு?"

"அதைப் பின்னால சொல்லுதேன். இப்போ போய் நடுங்க."

அவர் நட்டார். டிப்போவில் டீ குடிக்கிற நேரத்திலும் போனில் உள்ளே நுழைந்து தண்ணீர் ஊற்றினார். முப்பது செடி. விளைந்ததும் செடிக்கு மேலே பச்சையாக ஒரு கை அடையாளம் மினுங்கும். அதை அமுக்கினால் கிழங்கு கூடைக்கு வந்துவிடும். வியாழக்கிழமை பச்சை மினுங்கியது. மனிதர் ஒன்றுவிடாமல் அமுக்கினார்.

வெள்ளிக்கிழமை ரெஜினா வந்து அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இவ்வளவா!" என்று பூரித்துப் போனாள். அந்த நேரத்தில் மண்வெட்டி வந்தாள். அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. காலியான பாத்தியைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டீங்களா?"

"ஒண்ணு விடலை!" என்றார் பெருமையாக.

"விதைக்கு?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பச்சை மினுங்கும்போது பிடுங்கினால் கிழங்கு மட்டும்தான். பிடுங்காமல் விட்டால் இலை பழுக்கும், தண்டு நீளும், பூக்கும், காய்க்கும், பிறகு விதை தரும். கிழங்கு கட்டையாகித் தின்ன ஆகாமல் போகும்.

"இந்த முள்ளங்கி எத்தனை நாளைக்கு வரும், மைனி?" என்று ரெஜினாவிடம் கேட்டாள் மண்வெட்டி.

"டப்பா மீனோட சேத்தா குளிரு தொடங்குற வரைக்கும் வரும்."

"அப்புறம்?"

சவரிமுத்துவுக்கு மானம் போய்விட்டது போலிருந்தது. மண்வெட்டி தன் பையிலிருந்து எண்ணி ஐந்து விதை எடுத்து அவர் கையில் போட்டாள்.

"அஞ்சு மட்டுமா?"

"என்கிட்ட அம்பது இருக்கு, அண்ணாச்சி. அஞ்சை வச்சிருக்கத் தெரியலைன்னா அம்பதும் குழம்புதான்."

அந்த வாரம் சவரிமுத்துவுக்குச் சோதனைக் காலம். புதன்கிழமை ஐந்து செடியும் பச்சை மினுங்கின. அவருடைய ஆளுக்குப் பக்கத்தில் பசி அடையாளம் வேறு சிவப்பாகத் துடித்தது. குளிருக்கு மிச்சம் பிடிக்கிறேன் என்று அரைவயிறு தின்றுகொண்டிருந்தார். விரல் துறுதுறுத்தது. நம்ப மாட்டீர்கள், டயர் கழற்றுகிற அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாத்தியாரம்மா, நல்ல கிழங்கு வீணாப் போகுதே."

"யாருக்கு வீணாப் போகுது?"

அவர் யோசித்துப் பார்த்தார். தொடைக்கு அடியில் இருந்த கையை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ரெஜினா உள்ளே வந்தாள். மஸ்கட்டில் அவள் தங்கியிருந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். இரண்டு வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பாத்தியில் ஐந்து செடியும் இடுப்பளவு வளர்ந்து, உச்சியில் பூ வைத்திருந்தன.

"ஏங்க!" என்று கத்திவிட்டாள். "பூத்திருச்சுங்க! இங்க வந்து பாருங்க!"

சவரிமுத்துவாவது அடக்கியிருக்கலாம். அவருக்கும் தலைகால் புரியவில்லை. "வெள்ளைப் பூவு ரெஜினா! நான் வளத்தது!" என்று வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்த சிரிப்பு. கிசுகிசுப்பதை அடியோடு மறந்துபோனார்கள்.

சிரிப்பு அடங்கியபோது இன்னொரு சத்தம் கேட்டது. கால்களை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து நாற்பது ஜாம்பிகளாவது வந்துகொண்டிருந்தன. வேலிப் பலகை ஒன்று முறிந்தது. இன்னும் பத்தடி வந்தால் செடிகள் மிதிபட்டுப் போகும். அப்புறம் விதை இல்லை, குளிருக்குச் சோறு இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. ரெஜினா வீட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

டமடமவென்று வாளியை அடிக்கிற ஓசை.

அடுத்த தோட்டத்திலிருந்து மண்வெட்டி ஓடி வந்தாள். ஆயிரத்து நூறு நாளும் கிசுகிசுத்துப் பிழைத்தவள் இப்போது தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏ! இங்க வாங்க! இங்க!"

கூட்டம் திரும்பியது. அவள் அடித்துக்கொண்டே ஆற்றுப் பக்கம் ஓடினாள். கூட்டமும் பின்னால் போனது.

ரொம்ப நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தாள். மணிக்கட்டில் பல் பதிந்த சிவப்பு.

"கடிச்சிருச்சா?" என்றார் சவரிமுத்து. தெரிந்தேதான் கேட்டார்.

"ம்."

ரெஜினா அழுதுவிட்டாள். "எல்லாம் என்னாலதான். நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்."

"பூத்தா சிரிக்கத்தான் செய்வாங்க, மைனி."

"ஆயிரத்து நூறு நாளும்மா," என்றார் சவரிமுத்து. வாத்தியார் என்கிற பட்டமெல்லாம் மறந்துபோயிருந்தது. "அஞ்சு செடிக்காகவா?"

அவள் ஐந்து செடியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் முறியவில்லை. முறிந்த வேலிப் பலகையை எடுத்து ஆணி அடித்தாள்.

செய்தி பரவி மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரும் வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். ஏதாவது பேசுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் பையைத் திறந்து, மண்ணைக் கொத்தி, தன்னிடமிருந்த விதைகளை சவரிமுத்துவின் பாத்தியில் வரிசையாக ஊன்ற ஆரம்பித்தாள். மணி ஐந்தரை ஆகிவிட்டது. அவளுக்கு அந்த ஊரில் இன்னும் அரை நாள் இருந்தது.

சவரிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. "விளையறதுக்கு முப்பது நாள் ஆகும். நீங்க எதுக்கும்மா இப்போ கஷ்டப்படுறீங்க? உக்காருங்க."

"வாளியை எடுங்க, அண்ணாச்சி. காயுது."

அவர் வாளியை எடுத்தார். அவள் ஊன்ற ஊன்ற, பின்னாலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார். ரெஜினா முன்னால் கல் பொறுக்கினாள். மஸ்கட்டில் ஒருத்தியும் கோவில்பட்டியில் ஒருத்தியும் திண்டுக்கல்லில் ஒருவருமாகக் கிசுகிசுக்கக்கூடச் செய்யாமல் ஒரே பாத்தியில் குனிந்து வேலை பார்த்தார்கள். ஆறு மணி தாண்டியும் ரெஜினா வெளியே போகவில்லை.

பாத்தி அநேகமாக நிறைந்தது. கடைசியில் கொஞ்சம் விதை மிஞ்சியது. அதற்கும் இடம் இருந்தது. ஆனால் மண்வெட்டி அதை ஊன்றவில்லை. பொட்டலமாக மடித்துத் தன் பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வேலிக் கதவைத் திறந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். இனி அவள் நிற்க வேண்டிய இடம் வேலிக்கு உள்ளே இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. வழி விட்டார்கள்.

சவரிமுத்து பின்னாலேயே ஓடினார்.

"அதை எதுக்கும்மா எடுத்துட்டுப் போறீங்க? இன்னும் கொஞ்ச நேரத்துல நீங்க..." அவரால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. "இனிமே உங்களுக்கு அது எதுக்கு?"

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"முத நாளு ஒண்ணு கேட்டீங்க, அண்ணாச்சி. செத்தவகிட்ட விதை எப்படி வந்துச்சுன்னு."

"ஆமா."

"இப்படித்தான் வந்துச்சு."