சாம்பாருக்கு எத்தனை இட்லி

மலையடிவாரத்து ஆசிரமத்தில் குருவுக்கும் சீடன் மாசிலாமணிக்கும் ஒரே வயது. பள்ளியில் ஒரே பெஞ்சு. அதனால் 'சாமி' என்ற சொல் மாசிலாமணியின் வாயோடு நின்றுவிடும்; கண் வரை ஏறாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து நின்றான்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளும் வே."

"முதல்ல வாரத்துக்கு ஒரு நாள் இங்க வந்தேன். அப்புறம் மூணு நாள். இப்ப ஆறு நாள். வீட்டு நாள் ஒவ்வொண்ணையும் விட்டப்ப மனசு நிறைஞ்சுது. மிச்சம் ஞாயிற்றுக்கிழமைதான். அதையும் விட்டுட்டா முழுசா நிறைஞ்சிருமா?"

"வீட்ல என்ன சொல்லுதாங்க?"

"பொண்டாட்டி ஒண்ணும் சொல்லல. மகதான் போன்ல, 'நாளைக்காவது வருவியாப்பா'ன்னு கேட்டா."

"பசிக்கா?"

குரு இலையைப் போட்டு ஆறு இட்லி வைத்தார். சாம்பார் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வெறும் இட்லியா சாமி?"

"சாம்பார் வேணும்னா இட்லி தரணும். உமக்கு லாபமும் வேண்டாம், நஷ்டமும் வேண்டாம். ஒரு கரண்டிக்கு எத்தனை?"

மாசிலாமணி ஒரு வாய் விழுங்கப் பார்த்தான். விக்கியது.

"மூணு!"

மூன்றை எடுத்துக்கொண்டு ஒரு கரண்டி ஊற்றினார்.

"அடுத்த கரண்டிக்கு?"

"ஒண்ணு."

"அதுக்கடுத்து?"

மாசிலாமணி இலையைப் பார்த்தான். "ரெண்டு கரண்டி ஊத்தினா ஒண்ணு தாரேன்."

"என்னவே இது! அதே இட்லி, அதே சாம்பார்."

"இட்லி குறையுதுல்லா!"

குரு ஊற்றினார். சாம்பாருக்கு நடுவில் ஒற்றை இட்லி நின்றது.

"இதுக்கு?" வாளியையே அவன் பக்கம் தள்ளினார். "முழுசும் உமக்குத்தான்."

மாசிலாமணி கையால் இட்லியை மூடிக்கொண்டான். "இம்புட்டு சாம்பாரை வச்சு நான் என்ன செய்ய? குளிக்கவா?"

குரு சிரிக்கவில்லை.

"வீட்டு இலையில மிச்சம் எத்தனை நாள்னு சொன்னீர்?"

மாசிலாமணி குனிந்து இலையைப் பார்த்தான். கை இட்லியை விட்டு நகரவில்லை.

குரு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து அவன் பக்கத்தில் வைத்தார்.

"சீக்கிரம் சாப்பிடும். நாலு மணி பஸ் போயிரும்."