துடுப்பில்லாப் படகு

பவளத்துறை என்றொரு நாடு. அங்கே செல்வம் கொழித்த காலத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கரை சேராத கப்பலின் சரக்கைக்கூடக் கைமாற்றி விற்றார்கள். வாங்கியவன் அதை நம்பி மாடி கட்டினான். ஒரு நாள், இனிக் கப்பல் வராது என்று யாரோ ஒருவன் வாய்விட்டான். அவ்வளவுதான்! எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க ஓடினார்கள். வாங்கத்தான் ஆளில்லை.

வினோதத்தைக் கேளுங்கள். மழை பொய்க்கவில்லை, பகைவன் வரவில்லை. வயலும் வலையும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனாலும் ஊர் செத்துக்கொண்டிருந்தது. வாங்குவாரில்லை என்று குயவர் சக்கரத்தை நிறுத்தினார். குயவர் மீன் வாங்குவதில்லை என்று மீனவர் வலையைச் சுருட்டி வைத்தார்.

களஞ்சியக் காவல்காரி வெண்ணி நண்பகலில் தெருவோடு போனாள். ஆள் நடமாட்டமே இல்லை. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் உலக்கைச் சத்தம் மட்டும். டங்... டங்... நெல் கிடக்கும் உரல் இப்படிக் கணீரென்று ஒலிக்காதே! அடுத்த வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று தெரு முழுக்க வெற்று உரலை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

இளைய அரசன் செங்கோடன் அவளை அழைத்தான். "தூர்ந்துபோன துறைமுக வாயைத் தோண்டப் போகிறேன். ஊரே வேலைக்கு வரட்டும். கூலிக்கு நெல் வேண்டும், களஞ்சியத்தைத் திற."

வெண்ணி இடுப்புச் சாவியைக் கையால் மூடிக்கொண்டாள். மழை பொய்த்தாலன்றித் திறக்கமாட்டேன் என்று அவன் தந்தை சாகும்போது வாக்குக் கொடுத்தவள் அவள். அந்நாட்டில் வாக்குத் தப்பியவரை, நீர் வடியும் வேளையில் துடுப்பில்லாத படகில் விட்டுவிடுவார்கள். கடல் திருப்பித் தந்தால் குற்றம் தீர்ந்தது. ஆனால் கடல் இதுவரை யாரையும் தந்ததில்லை; துறைமுக வாயின் குறுக்கே கிடந்த மணல்மேடு, வெளியே போன படகை உள்ளே விடாது.

"பொறுங்கள் அரசே. பயம் தானாக வந்தது, தானாகப் போகும்" என்றார் வணிகர் தலைவர் குவளைநம்பி.

"அதற்குள் பிள்ளைகள் போய்விடுமே, ஐயா!" என்றாள் வெண்ணி. சாவியை எடுத்துவிட்டாள்.

ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. கூலி நெல் வாங்கியவர் சட்டி வாங்கினார். சட்டி விற்றவர் மீன் வாங்கினார். கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மணல்மேடு போய், அலைவாயிலிருந்து படித்துறைக்கு நேராக ஒரு கால்வாய் வந்தது. வெண்ணி அதில் முழங்கால் நீரில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அறுவடையில் களஞ்சியமும் நிறைந்தது.

ஒரு காலையில் படித்துறையில் துடுப்பில்லாத படகொன்று கட்டிக் கிடந்தது. கொண்டுவந்தது யார் என்று எவருக்கும் தெரியவில்லை. ஊரே அங்கே கூடிவிட்டது.

"நெல்தான் நிறைந்துவிட்டதே, பழங்கதை எதற்கு? யாரும் ஏற வேண்டாம்" என்றார் குவளைநம்பி.

"ஆணையிட்டவன் நான். நான் ஏறுகிறேன்" என்றான் அரசன்.

"வாக்குக் கொடுத்தவள் நான். நான்தான் ஏறுவேன்" என்றாள் வெண்ணி. மறுபடியும் தண்ணீரைப் பார்த்தாள்.

இந்த மூவரில் யார் சொன்னது சரி? வாக்கும் நிற்க, அவளும் பிழைக்க வழி உண்டா?

விடை: வெண்ணி சொன்னதே சரி. வெறும் பேச்சை நம்பித்தான் ஊர் ஒருமுறை செத்தது. அவள் வாக்கும் வெறும் பேச்சானால் அடுத்த காவல்காரரை யார் நம்புவார்? தான் கொடுக்காத வாக்கை அரசனாலும் தீர்க்க முடியாது. அவள் ஏறினாள். வடியும் நீர் அவளைக் கண்மறையக் கொண்டுபோனது. படித்துறையில் நின்ற ஒருவரும் வீடு திரும்பவில்லை. பிறகு கடல் ஏறியது. அந்த நெல்லைத் தின்று அவர்கள் தோண்டிய கால்வாய் வழியாகவே வந்து, படகைப் படியில் முட்டி நிறுத்தியது. வெண்ணி இறங்கினாள். "பசி உயிர் போகிறது, யார் வீட்டில் சோறு?" என்றாள்.