குடத்தில் தங்கிய ஒன்பது வீடு

மழை பொய்த்த இரண்டாம் வருடம். மலைக்குகையில் இருந்த சமணப் பெண்துறவி பூநந்திக் குரத்தியாரிடம் எயினன் மாணாக்கராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முன்பு நாட்டுத் தலைவனிடம் நிலம் அளந்துகொண்டிருந்தவர்.

அந்தப் பழக்கத்தில் தலைவன் அவருக்கு ஆள் அனுப்பினான். புன்னைக்குடியில் பட்டினி உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். உண்டென்றால் நெற்களஞ்சியத்தைத் திறப்பான்.

ஊரில் இருநூறு வீடு. எயினன் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கவில்லை. எல்லா வீட்டுப் பெயரையும் ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கிப் பத்தை எடுத்தார். பத்து வீட்டிலும் அடுப்பு எரிந்தது. கஞ்சியாவது இருந்தது. பட்டினி இல்லை என்று சொல்லியனுப்பினார். களஞ்சியம் திறக்கவில்லை.

இருபதாம் நாள் செய்தி வந்தது. ஒன்பது வீடுகளில் சாவு. ஒன்பதும் குடத்திலேயே தங்கிவிட்ட பெயர்கள்.

குரத்தியார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

"போய், செத்தவர்களின் பெயரைக் கேட்டு வாரும்" என்றார்.

எயினன் போனார். சில வீடுகளில் சொல்ல ஆள் இருந்தது. கடைசி வீட்டில் யாருமில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். கைக்குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றாள். அவரை யாரும் திட்டவில்லை. ஒருத்தி குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் திரும்பிவந்து குகை வாசலில் உட்கார்ந்தார்.

"பதினாலு பேர்."

"பெயரைச் சொல்லும்."

பதிமூன்று பெயர் சொன்னார். பிறகு, "ஒரு குழந்தை" என்றார்.

வெயில் பாறையை விட்டு இறங்கியதும் எயினன் கேட்டார்.

"பத்து போதவில்லை. இருபது எடுத்திருக்க வேண்டுமா? ஐம்பதா?"

அவரே தொடர்ந்தார்.

"இருநூறையும் பார்ப்பதென்றால் ஒரு மாதம் ஆகியிருக்கும். நான் பார்த்து முடிப்பதற்குள் செத்திருப்பார்கள்."

"ஆமாம். செத்திருப்பார்கள்."

"நாளைக்கு அடுத்த ஊருக்குப் போகச் சொல்லித் தலைவன் ஆள் அனுப்பியிருக்கிறான். அங்கே முந்நூறு வீடு. எத்தனை வீடு பார்த்தால் போதும்? அதற்கென்று ஒரு அளவு இருக்குமல்லவா?"

"இருக்கிறது."

"சொல்லுங்கள், அம்மா."

"உமக்குத் தெரியாமல் எத்தனை பேர் செத்தால் பரவாயில்லை? அதை நீர் சொல்லும். எத்தனை வீடு என்று நான் சொல்கிறேன்."