அன்னத்துக்கு இடம் வைத்த நாரை

தாமரைக் குளத்தில் ஒரு நாரை தன்னந்தனியாக வாழ்ந்து வந்தது. அதன் இறக்கை ஒன்றில் அடிபட்டிருந்தது. மற்ற நாரைகள் தொலைதூரம் பறந்து போனபோது அதனால் அவற்றோடு போக முடியவில்லை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் ஏங்கிப் போனது.

குளக்கரை மருதமரத்தில் ஓர் ஆந்தை இருந்தது. தர்க்கத்தில் அதை வெல்ல ஆளில்லை என்று பெயர். நாரை அதனிடம் போனது.

"சுவாமி, எனக்கு ஒரு துணை கிடைக்குமா?"

ஆந்தை கண்ணை மூடி யோசித்தது. "குறையே இல்லாத துணை எது? அன்னம்! கோபப்படாது, விட்டுப் பிரியாது, அழகுக்கும் குறைவில்லை. சரிதானே?"

"சரிதான்!"

"இல்லாமல் இருப்பது ஒரு குறை அல்லவா? குறையே இல்லாத அன்னத்துக்கு அந்தக் குறை மட்டும் எப்படி இருக்கும்? ஆகவே, அன்னம் இருக்கிறது!"

நாரை பூரித்துப் போனது. கரையில் மேடான இடம் பார்த்து, கோரைப்புல் பரப்பி, அன்னத்துக்கு இடம் தயார் செய்தது.

மறுநாள் அந்தப் புல்லில் ஒரு கானாங்கோழி வந்து உட்கார்ந்தது. கறுத்த முதுகு, குட்டை வால், ஓயாத வாய்.

"அக்கா, தனியாகவா இருக்கிறீர்கள்? நானும் தனிதான். இங்கேயே இருந்துவிடட்டுமா?"

"எழுந்திரு! அது அன்னத்தின் இடம்!"

"அன்னத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"பார்த்ததில்லை. ஆனால் அது எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும்!"

கானாங்கோழி முகம் வாடி நாணலுக்குள் போனது. ஆனாலும் தினமும் காலையில் வந்து, எங்கே மீன் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகும். நாரை முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

கோடையில் குளம் வற்றியது.

"அக்கா, கிழக்கே ஏரியில் தண்ணீர் இருக்கிறதாம். மெதுவாக நடந்தே போய்விடலாம், வாருங்கள்!"

"நான் போன பிறகு அன்னம் வந்தால்?"

கானாங்கோழி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்விட்டது.

குளத்தில் சத்தமே இல்லை. நாரை அன்னத்தை நினைத்துப் பார்த்தது. வெள்ளை நிறம் மனத்தில் வந்தது, நடை வந்தது. குரல் மட்டும் வரவில்லை. காதில் கேட்டதெல்லாம் கானாங்கோழியின் குரல்தான்.

நாரை மருதமரத்துக்கு ஓடியது. "சுவாமி, அன்னம் எங்கே?"

"அது இருக்கிறது என்றுதான் சொன்னேன். எங்கே என்பது வேறு கேள்வி. அதைத் தனியாக வாதிக்க வேண்டும்!" என்றது ஆந்தை.

நாரை கிழக்கே நடந்தது. மூன்று நாள் நடந்து ஏரிக்கு வந்து சேர்ந்தது. அங்கே கானாங்கோழி ஒரு முக்குளிப்பான் பறவையோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"வந்துவிட்டீர்களா அக்கா! நல்லது!" என்று வாய் நிறையச் சொன்னது. பிறகு விட்ட இடத்திலிருந்து தன் நண்பனோடு பேச்சைத் தொடர்ந்தது.

நாரை சற்றுத் தள்ளிப் போய், தண்ணீரில் தனியாக நின்றது.

இப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவதாலேயே அப்படி ஒருவர் இருந்துவிட மாட்டார். இருப்பவரை, அவர் நம்மோடு இருக்கும்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும்.