அம்மான் பச்சரிசி வழக்கு

முன்னொரு காலத்தில் என்றுதான் தொடங்குகிறேன். எந்தக் காலம் என்று கேட்டால் எனக்கே சந்தேகம். அரசரின் பெயர்கூட மறந்துவிட்டது. அவருடைய வயிற்றுவலி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

வலிக்குச் சுக்குப்பொடி வாங்கி வந்தார்கள். பாதி மரத்தூள். அரசர் கொதித்துப்போனார். "மருந்துக் கடைகளையெல்லாம் சோதியுங்கள்! ஜாடியின்மேல் எழுதியிருப்பதே உள்ளே இருக்க வேண்டும். மாறியிருந்தால் கடைக்கு முத்திரை!" என்று ஆணையிட்டார்.

சோதனை அதிகாரியாக வச்சிரபாகுவை நியமித்தார். அந்த மனிதருக்குத் தம் வெள்ளைக் குதிரையின் வால்மீது எவ்வளவு பிரியமோ, அவ்வளவு வெறுப்பு விகடகவி தேனப்பன்மீது. தேனப்பன் அதிகம் பேசமாட்டான். சபையில் சும்மா உட்கார்ந்திருப்பான். அவன் முகத்தைப் பார்த்தாலே அரசர் சிரித்துவிடுவார். அதுதான் வச்சிரபாகுவுக்கு வயிற்றெரிச்சல்.

தேனப்பனின் அக்காள் வெள்ளையம்மாள் மருந்துக் கடை வைத்திருந்தாள். வச்சிரபாகு முதலில் நுழைந்ததே அங்கேதான். மூலையில் மூட்டைமேல் தேனப்பன் உட்கார்ந்திருந்தான்.

"இதென்ன, அம்மான் பச்சரிசி? யாருடைய அம்மான்?" என்று ஒரு ஜாடியைத் தூக்கினார் வச்சிரபாகு.

"அது செடிங்க, ஐயா. பிள்ளை பெத்தவளுக்குப் பால் சுரக்கக் குடுக்கிறது."

"அரிசி என்று எழுதிவிட்டு இலையை விற்கிறாயா? சரி, இது சிறியாநங்கை. நங்கை எங்கே?"

"கையை விட்டுத் தேடிப் பாருங்க. கெடைச்சா நீங்களே கூட்டிட்டுப் போங்க, எனக்கு ஒரு சாப்பாடு மிச்சம்."

வச்சிரபாகு பூனைமீசை இலை ஜாடியைக் கவிழ்த்தார். "ஒரு மயிர்கூட இல்லை!" என்று கத்தினார். கதவில் முத்திரை விழுந்தது.

"வாயைத் தொறக்கவே மாட்டியாடா தம்பி?" என்று அழுதாள் வெள்ளையம்மாள். "இந்தக் கடையை விட்டா எனக்குக் கஞ்சிக்கு வழி ஏது?"

'கஞ்சி' என்ற சொல் தேனப்பன் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் சபையில் அரசரிடம் ஜாடிகளின் கதையைச் சொல்லி முறையிட்டான். அரசருக்கும் சங்கடம்தான். ஆனாலும் தாம் போட்ட சட்டத்தைத் தாமே அழிக்க மனம் வரவில்லை.

"எழுத்துக்கு எழுத்து நடக்கட்டும். சட்டத்தை மீறாமல் அந்தக் கடையைத் திறந்து காட்டு, தேனப்பா. முடியாவிட்டால் இனி நீயும் இந்தச் சபைக்கு வர வேண்டாம்."

வச்சிரபாகு மீசையைத் தடவிக்கொண்டார்.

தேனப்பன் கேட்டான்: "பிரபு, அரண்மனை மருந்துக்கும் இதே சட்டம்தானா?"

"முதலில் அரண்மனைக்குத்தான்!"

தேனப்பன் வணங்கிவிட்டு வெளியே போனான்.

உச்சிவேளையில் சபைக்கே அரசருக்குப் பத்தியக் கஞ்சி வந்தது. தூக்கி வந்தவன் தேனப்பன். ஆவலோடு ஒரு வாய் குடித்த அரசர் முகத்தைச் சுளித்தார். பல்லிடுக்கிலிருந்து நீளமான வெள்ளை மயிர் ஒன்றை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது.

"என்னடா இது?"

"வைத்தியர் எழுதிக்கொடுத்த கஞ்சி, பிரபு. குதிரைவாலிக் கஞ்சி. மடைப்பள்ளிப் பானையில் 'குதிரைவாலி' என்று எழுதியிருந்தது. உள்ளே பார்த்தால் வெறும் தானியம். ஆணையை மீறலாமா? வாசலில் ஒரு குதிரை நின்றது. வாலை வெட்டிப் போட்டேன்."

வச்சிரபாகு சாளரத்துக்கு ஓடினார். வெளியே அவருடைய வெள்ளைக் குதிரை, துடைப்பக்கட்டை போன்ற ஒன்றை ஆட்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"அடப் பாவி! குதிரைவாலி தானியம்தானடா! அது வெறும் பெயர்! பெயரைப் பார்த்து எவனாவது வாலைத் தேடுவானா?"

தேனப்பன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். வச்சிரபாகுவின் திறந்த வாய் மெல்ல மூடியது.

"அம்மான் பச்சரிசி..." என்று தொடங்கிய அரசரால் முடிக்க முடியவில்லை. சிரிப்பு பீறிட்டு, கிரீடம் உருண்டு தேனப்பன் காலடியில் நின்றது.

"முத்திரையை எடுங்கள்!" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "சோதனை நிற்காது. ஆனால் வச்சிரபாகு, இனிமேல் எழுத்தை மட்டும் படித்தால் போதாது. ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு சிட்டிகை தின்று பார்த்துச் சொல்லும். தேனப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"நாளை ஒருநாள் யாரும் என்னிடம் பேசக்கூடாது, பிரபு."

அரசர் அதையும் தந்தார், முத்துமாலையையும் தந்தார்.

வெள்ளையம்மாள் கடையைத் திறந்தாள். மரத்தூள் விற்றவன் பிடிபட்டு ஊரைவிட்டுப் போனான். வச்சிரபாகு, பேதிக்குக் கொடுக்கும் நிலாவரை ஜாடிவரை தாக்குப்பிடித்து, அதன்பின் பதவியை விட்டார். அரசருக்கு வயிறு சரியாயிற்று. குதிரைக்கு வால் வளர்ந்துவிட்டது.