பச்சைப் புகை

இந்தக் கதையை எனக்குச் சொல்லவே பிடிப்பதில்லை. ஆனாலும் சொல்கிறேன். கடைசியில் ஒரு கேள்வியும் அதற்கு என் விடையும் இருக்கின்றன. அந்த விடை எனக்கே ஆறுதல் தரவில்லை.

தூத்துக்குடிப் பக்கம் ஓர் இறால் கம்பெனி. இறாலை உறையவைக்க அங்கே அமோனியா ஓடும். அந்த வாயு கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும். அதற்கு நிறம் கிடையாது, நெடிதான் உண்டு. கசிந்தால் எப்படித் தப்புவது என்று முன்பெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு நிஜமாகவே ஓடிப் பழகுவார்கள். அந்த அரை நாள் வீணாவது மேலாளர் குமரேசனுக்குப் பொறுக்கவில்லை. நிவேதன் என்ற மென்பொருள்காரரைப் பிடித்து, கம்பெனியை அச்சு அசலாக ஒரு மெய்நிகர் உலகத்துக்குள் கட்டச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும், உயிருக்கு ஆபத்தில்லாமல் ஆபத்தைப் பழகலாம். உள்ளே செத்தவர்கள் அடுத்த பாடத்தில் எழுந்து நின்றார்கள். நல்ல ஏற்பாடுதான், நானும் மெச்சினேன்.

ஆனால் கண்ணாடிக்குள் நெடி வராதே! அதனால் நிவேதன் வாயுவுக்குப் பச்சை நிறம் கொடுத்தார். கடைசிப் பாடத்தை மட்டும் நிஜக் கூடத்தில், துளி அமோனியா நெடியோடு நடத்துங்கள், மூக்கும் பழகட்டும் என்று கேட்டுக்கொண்டார். குமரேசன் அது வேண்டாம் என்றார். கூடவே, புகை தெரியாமல் சைரன் அடித்தால் அதைத் தவறு என்று காட்ட வேண்டும் என்றார்; சும்மா சும்மா வேலை நிற்கக் கூடாதாம். நிவேதன் முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தார்.

ரெக்ஸ்லின் அங்கே மேற்பார்வையாளர். முதலில் புகை தெரிவதற்கு முன்பே பதறிச் சைரனை அடித்து, திரும்பத் திரும்பத் தோற்றாள். பிறகு பொறுமை படிந்தது. பயிற்சியில் அவள்தான் முதல். அவளுடைய அக்கா ஜெனோவா அதே கூடத்தில், குழாயை ஒட்டிய மேசையில் இறால் தரம் பிரித்தாள்.

ஒரு மழைநாள் காலையில் நெடி மூக்கைக் குத்தியது.

"ஏட்டி, கண்ணு எரியுது. சைரன அமுக்கு," என்றாள் ஜெனோவா.

"பொறுக்கா, ஒண்ணும் தெரியலியே."

ரெக்ஸ்லினின் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. கண் பச்சையைத் தேடிக்கொண்டிருந்தது. ஒருவழியாக அவள் அழுத்தியபோது மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். ஜெனோவா அதற்குள் குழாயடியிலேயே விழுந்து செத்துப்போயிருந்தாள்.

விசாரணையில் குமரேசன், பயிற்சி கொடுத்தேன், ரெக்ஸ்லினின் மதிப்பெண்ணைப் பாருங்கள் என்றார். நிவேதன், கேட்டதைச் செய்தேன் என்றார். வேலை போனது ரெக்ஸ்லினுக்குத்தான்.

சொல்லுங்கள், இந்த மூவரில் ஜெனோவாவின் சாவுக்கு யார் பொறுப்பு?

விடை: பச்சை நிறத்தின்மேல் பழி போடாதீர்கள். அது ஆபத்தைக் காட்ட வந்த நிறம். ரெக்ஸ்லினின் விரலைப் பிடித்துவைத்தது, புகை தெரியாமல் அடித்தால் தவறு என்ற பாடம். அதைக் கேட்டு வாங்கியவர் குமரேசன். மூக்கு பழக வேண்டிய பாடத்தை வேண்டாம் என்றவரும் அவரே. தெரிந்தே செய்து கொடுத்த நிவேதனுக்கும் பங்குண்டு. ரெக்ஸ்லின் சொல்லிக்கொடுத்தபடி நடந்தாள், அவ்வளவுதான். அந்தப் பாடம் இன்னும் மாறவில்லை. புதிதாகச் சேருகிறவர்களும் பச்சைக்காகக் காத்திருக்கப் பழகுகிறார்கள். இதையெல்லாம் ரெக்ஸ்லின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்கும் மூக்கு இருந்துச்சுல்லா," என்றாள்.