கறுப்பு வயர்

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மேஸ்திரி. ஆனா கிளம்ப மாட்டேங்கு" என்றார் சூசைமரியான்.

ஜெசிந்தா தலையைத் தூக்கவில்லை. தன் பட்டறையில் வேறொரு மோட்டாரின் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரிய விசைப்படகுகளில் இருபது வருடம் டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர். அவளுக்கு முப்பத்திமூன்று. பைபர் படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் என்றால் அந்தக் கடற்கரையில் அவளை மிஞ்ச ஆளில்லை. நான் கொஞ்சமும் கூட்டிச் சொல்லவில்லை, போய் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த முதல் வாரம் சூசைமரியான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். இரண்டாம் வாரம் அது மேஸ்திரி ஆயிற்று. அப்படிக் கூப்பிடும்படி யாரும் சொல்லவில்லை.

இன்று அவர் கொண்டுவந்திருந்தது தம்பி தொபியாஸின் மோட்டார்.

போன வியாழக்கிழமை நடுக்கடலில் வலை போட நிறுத்தியது, திரும்பக் கிளம்பவில்லை. கயிறு இழுத்துக் கிளப்புகிற வகை அல்ல. ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றால் கதை முடிந்தது. தொபியாஸும் கூட இருந்த இரண்டு பேரும் பகல் முழுக்க வெயிலில் மிதந்து, கடைசியில் வேறொரு படகு கட்டி இழுத்துவரக் கரை சேர்ந்தார்கள்.

மோட்டாரைப் பராமரிப்பது சூசைமரியான். ஏச்சு வாங்கியது தொபியாஸ். உப்புத் தண்ணீர் பட விட்டிருப்பான், பொறுப்பில்லாதவன், இவனுக்கெல்லாம் எதற்கு மோட்டார் என்று அண்ணன் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார்.

தம்பி துணிப்பையைக் கட்டிவிட்டான். நாளைக் காலை பஸ்ஸில் கொல்லத்துக்குப் போகிறான், யாருடைய படகிலோ கூலி ஆளாக.

"மோட்டார் ஓடிட்டா போகமாட்டான்" என்றார் சூசைமரியான்.

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மோட்டார் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் நின்றது. என்னவெல்லாம் பார்த்தார் என்று கேட்டாள்.

அவர் சொன்னார். பியூஸ் போகவில்லை. கியர் நியூட்ரலில்தான் இருக்கிறது. எஞ்சினை நிறுத்துகிற சிவப்புக் கயிற்றின் கிளிப் இடத்தில் இருக்கிறது. பேட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்டுகிறது. ஸ்டார்ட்டரைத் தனியாகக் கழற்றி பேட்டரியை நேராகக் கொடுத்தால் ஜோராகச் சுற்றுகிறது, திரும்ப மாட்டினால் சுற்றவில்லை.

குறை சொல்ல இடமில்லாத வேலை. மனிதர் சும்மா இருபது வருடம் தள்ளவில்லை.

அவள் சாவியைத் திருப்பினாள்.

டக்.

மறுபடியும் திருப்பினாள். டக். அவ்வளவுதான்.

"மீட்டர் பன்னிரண்டரை காட்டுதே" என்றார்.

"மீட்டரு பாரம் எதையும் தூக்காதுல்லா அண்ணே. ஸ்டார்ட்டரு தூக்கணும்."

ஒரு கனத்த வயரை எடுத்தாள். ஒரு முனையைப் பேட்டரியின் கறுப்பு முனையில் மாட்டினாள். மறுமுனையை அவர் கையில் கொடுத்து, எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஒரு இடத்தைக் காட்டி அமுக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

சாவியைத் திருப்பினாள்.

மோட்டார் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. டிரம்மில் இருந்த தண்ணீர் பாதி அவர் முகத்தில். அவர் துடைக்கக்கூட இல்லை, குழந்தை மாதிரி சிரித்தார்.

பிறகு சிரிப்பு நின்றது. சிவப்பு வயர் வழியாகப் போன கரண்ட் கறுப்பு வயர் வழியாகத் திரும்பி வர வேண்டும். அந்த வழிதான் எங்கோ அடைபட்டிருக்கிறது.

"கறுப்பு வயரையும் பாத்தேன் மேஸ்திரி. போல்ட்டு நல்ல இறுக்கமா இருந்துச்சு."

"கழட்டிப் பாத்தியளா?"

"இல்ல."

"ஏன்?"

"அது போன மாசம் நானே மாட்டுனது."

ஜெசிந்தா ஸ்பேனரை அவர் கையில் வைத்துவிட்டு கார்புரேட்டருக்குத் திரும்பிப் போனாள்.

அவர் எஞ்சினை நிறுத்தி போல்ட்டைக் கழற்றினார். வயரின் வளையத்துக்கு அடியில் துரு இல்லை. உப்பு இல்லை. வழவழவென்று நீலப் பெயிண்ட்.

மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னால் அந்த ஊரில் எல்லாப் படகுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். தம்பி படகுக்கு அடித்தது போக மிச்சம் கொஞ்சம் இருந்தது. தம்பியின் மோட்டாரும் பளிச்சென்று இருக்கட்டும் என்று, சூசைமரியான் அந்த வயரைக் கழற்றி, ஒரு இடம் விடாமல் அடித்து, மேலேயே வயரை வைத்து இறுக்கினார். முழுக்க ஆசையால் செய்த வேலை. பெயிண்ட் கரண்டை விடாது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் எப்படியோ சில நாள் கரண்ட் போயிருக்கிறது, அந்த வழியும் உப்புக் காற்றில் அடைந்துவிட்டது.

கத்தியால் சுரண்டினார். உலோகம் மின்னும்வரை சுரண்டினார். வயரை வைத்து இறுக்கிச் சாவியைத் திருப்பியதும் மோட்டார் கிளம்பியது. அந்தப் பக்கமிருந்து ஜெசிந்தா லேசாகத் தலையசைத்தாள். அவள் அவ்வளவுதான் பாராட்டுவாள், அதற்கே ஆட்கள் ஏங்குவார்கள்.

சூசைமரியான் மோட்டாரை நிறுத்தினார். அவள் எதிரே வந்து நின்றார்.

"தம்பிக்குப் போன் போட்டு, மோட்டாரு சரியாயிட்டுன்னு சொல்லிரட்டுமா?"

"நீங்க மோட்டாரையா ஏசுனிய?"

அவர் கண் கலங்கிவிட்டது.

"தம்பிய எங்க வச்சு ஏசுனிய?" என்று அவள் கேட்டாள்.

"மீன் ஏலக்கூடத்துல. வியாபாரிங்க, படகுக்காரங்க, எல்லாரும் நின்னாங்க."

ஜெசிந்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏலம் இன்னும் முடியல. எல்லாரும் அங்கதான் நிப்பாங்க" என்றாள்.